லினக்ஸில் செயலியைத் தேர்ந்தெடுப்பது எப்படி: எது என்பதோடு, எந்த வழியில் என்பதும்

லினக்ஸுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, "ஃபோட்டோஷாப்புக்கு மாற்று எது? வேர்டுக்கு மாற்று எது?" என்பதுதான். கிம்ப், லிப்ரே ஆபிஸ் என்று ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அவற்றை நிறுவி ஒரு வாரம் வேலை பார்த்த பிறகு வரும் புகார்கள் வேறு மாதிரியானவை. செயலி மூன்று ஆண்டு பழைய பதிப்பாக இருக்கிறது. பென் டிரைவில் இருக்கும் கோப்பு, செயலியின் 'திற' பெட்டியில் மட்டும் தெரியவில்லை. நேற்று வரை இருந்த மின்னஞ்சல்கள் எல்லாம் காணோம். இவற்றில் பெரும்பாலானவை செயலியின் குறைகளே அல்ல. அந்தச் செயலி உங்கள் கணினிக்குள் எந்த வழியில் வந்தது என்பதால் வருபவை. அதனால் இங்கே இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

பெயரை விடுங்கள், வேலையைச் சொல்லுங்கள்

"ஃபோட்டோஷாப்புக்கு மாற்று" என்பதற்கு உண்மையில் ஐந்தாறு பதில்கள் உண்டு. கேமராவின் ரா (பதப்படுத்தாத மூல) கோப்புகளில் ஒளியும் நிறமும் சரிசெய்ய வேண்டுமென்றால் டார்க்டேபிள் அல்லது ராதெரபி. கையால் வரைவதற்குக் கிருதா. எழுத்தும் வடிவங்களும் நிறைந்த சுவரொட்டிக்கு இங்க்ஸ்கேப். அது எஸ்விஜி (படத்தைப் புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாகச் சேமிக்கும்) கோப்பைத் தன் சொந்த வடிவமாகவே கையாளும். ஆயிரக்கணக்கான படங்களை ஆண்டுவாரியாக அடுக்கித் தேட டிஜிகேம். படத்தின் ஒரு பகுதியை வெட்டி, ஒட்டி, அடுக்கடுக்காகத் திருத்துகிறவருக்குத்தான் கிம்ப்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் வேலையா? அப்போது கேள்வி மாறிவிடும். கிம்ப் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது. படத்தின் மூலப் புள்ளிகளை அழிக்காமல் விளைவுகளைப் பின்னால் மாற்றிக்கொள்ளும் வசதி அதில்தான் சேர்ந்தது. அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே நிறத்தில் ஏற்றுமதியும் செய்யும். ஆனால் உள்ளே திருத்தும் வேலை திரைக்கான ஆர்ஜிபி நிறத்திலேயே நடக்கிறது. பக்கங்களை அமைத்து அச்சுக்கான பிடிஎஃப் எடுக்க ஸ்கிரைபஸ்தான் சரியான கருவி. எழுதும் செயலியிலேயே பத்திரிகைப் பக்கம் அமைக்க முயன்று அவதிப்படுவதைவிட, ஸ்கிரைபஸின் முகப்புக்குப் பழக இரண்டு நாள் செலவிடுவது மேல்.

ஆகவே தேடத் தொடங்கும் முன் ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: என்ன கோப்பு உள்ளே வருகிறது, அதில் என்ன செய்கிறேன், என்ன கோப்பாக வெளியே போகிறது, யாரிடம் போகிறது. இந்த நான்கில் கடைசிக் கேள்விதான் பலரும் விட்டுவிடுவது. முடிவைத் தீர்மானிப்பதும் அதுதான்.

கோப்பு யாரிடம் போகிறது?

ஆபிஸ் ஆவணங்களில் இது நன்றாகவே தெரியும். நீங்கள் எழுதி, நீங்களே அச்செடுக்கிறீர்கள் அல்லது பிடிஎஃப்பாக அனுப்புகிறீர்கள் என்றால் லிப்ரே ஆபிஸ் போதும். அதன் சொந்த வடிவமான ஓடிஎஃப் ஒரு ஐஎஸ்ஓ தரம். அதிலேயே சேமித்து வையுங்கள். ஆனால் ஒரே டாக்எக்ஸ் கோப்பு உங்களுக்கும் மைக்ரோசாஃப்ட் வேர்டு வைத்திருப்பவருக்கும் இடையே பத்து முறை போய்வரும் என்றால் நிலைமை வேறு. லிப்ரே ஆபிஸ் அந்தக் கோப்பைத் திறக்கும்போது தன் உள் அமைப்புக்கு மாற்றுகிறது. சேமிக்கும்போது திரும்ப மாற்றுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் அட்டவணையின் அகலமோ எண்ணிட்ட பட்டியலோ கொஞ்சம் நகர வாய்ப்புண்டு. ஒன்லிஆபிஸ் டாக்எக்ஸ் குடும்பத்தையே தன் அடிப்படை வடிவமாக வைத்திருப்பதால் இந்த நகர்தல் அதில் குறைவு. அதற்குப் பதிலாக, நீண்ட ஆவணங்களுக்கான வசதிகளில் லிப்ரே ஆபிஸின் ஆழம் அதற்கு இல்லை.

செயலியை மாற்றுவதற்கு முன் எழுத்துருவைப் பாருங்கள். "லிப்ரே ஆபிஸில் திறந்தால் பன்னிரண்டு பக்கம் பதிமூன்றாகிறது" என்ற புகாருக்குப் பல நேரம் காரணம் இதுதான். ஆவணம் கலிப்ரி எழுத்துருவில் எழுதப்பட்டிருக்கும். உங்கள் கணினியில் கலிப்ரி இருக்காது. கிடைக்கிற வேறொரு எழுத்துரு அதன் இடத்தில் உட்காரும். அதன் எழுத்துகள் கொஞ்சம் அகலமாக இருந்தால் வரிகள் உடைந்து, பத்திகள் நீண்டு, பக்கங்கள் தள்ளிப்போகும். இதற்கென்றே அதே அகலத்தில் செய்த மாற்று எழுத்துருக்கள் இருக்கின்றன: கலிப்ரிக்குக் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கலடியா, ஏரியலுக்கு லிபரேஷன் சான்ஸ், டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப். உங்கள் டிஸ்ட்ரோவின் (உபுண்டு, மிண்ட் போன்ற லினக்ஸ் தொகுப்பின்) மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கும். நிறுவிவிட்டுச் செயலியை மூடித் திறங்கள். பக்க எண்ணிக்கை சரியாகிவிட்டால் செயலியை மாற்றத் தேவையில்லை.

எக்செல்லில் மேக்ரோ எழுதி வைத்திருப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். எக்செல்லின் நிரல்மொழியான விபிஏவில் எழுதிய மேக்ரோக்களில் ஒரு பகுதிதான் லிப்ரே ஆபிஸில் ஓடும். பவர் குவெரியில் (வெளியிலிருந்து தரவை இழுக்கும் எக்செல் வசதி) கட்டிய தாள்களைப் புதுப்பிக்க முடியாது. இதற்குச் சுற்றுவழி தேடி நாட்களை வீணாக்க வேண்டாம்.

பிடிஎஃப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. சில அலுவலகப் படிவங்களைத் திறந்தால் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்ற பொருளில் ஒரே ஒரு ஆங்கில வரி மட்டும் தெரியும். எவ்வளவு காத்திருந்தாலும் படிவம் வராது. அது எக்ஸ்எஃப்ஏ வகைப் படிவம். ஓகுலர், எவின்ஸ் என்ற பிடிஎஃப் வாசிப்பான்கள் இரண்டும் பாப்லர் என்ற ஒரே நூலகத்தைப் (செயலிகள் பகிர்ந்துகொள்ளும் நிரல்தொகுப்பு) பயன்படுத்துகின்றன. பாப்லர் இந்த வகையைக் காட்டாது. ஒன்றை நீக்கிவிட்டு இன்னொன்றைப் போடுவதால் பயன் ஏதுமில்லை. அதே கோப்பை ஃபயர்ஃபாக்ஸில் திறந்து பாருங்கள். எக்ஸ்எஃப்ஏ படிவங்களைக் காட்டும் வசதி அதில் இருக்கிறது. மற்றபடி, பிடிஎஃப்பில் குறிப்பு எழுத, கையொப்பத்தைச் சரிபார்க்க ஓகுலர் நல்லது. பேனா கொண்டு பக்கத்தின் மேலேயே எழுதச் ஸோர்னல்++.

எந்த வழியில் வருகிறது?

இதுதான் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டிய பகுதி. ஒரே செயலி லினக்ஸில் நான்கைந்து வழிகளில் கிடைக்கும். மென்பொருள் மையத்தைத் திறந்து பெரிய பொத்தானை அழுத்தினால் அவற்றில் ஏதோ ஒன்று வரும். எது வருகிறது என்று பார்த்து அழுத்துங்கள். க்னோம் சாஃப்ட்வேர், கேடிஇ டிஸ்கவர், லினக்ஸ் மிண்ட்டின் மென்பொருள் மேலாளர் எல்லாவற்றிலும் செயலியின் பக்கத்தில் மூலத்தை மாற்ற ஒரு சிறு பட்டியல் இருக்கும்.

முதல் வழி, டிஸ்ட்ரோவின் சொந்தக் களஞ்சியம். டெபியன், உபுண்டு, மிண்ட்டில் டெப் பேக்கேஜ். ஃபெடோரா, ஓப்பன்சூசேயில் ஆர்பிஎம். இவை கணினியில் ஏற்கனவே உள்ள நூலகங்களைப் பகிர்ந்துகொள்வதால் இடம் குறைவாகப் பிடிக்கும், வேகமாகத் திறக்கும், கணினியோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படும். விலை என்னவென்றால் பதிப்பு பழையதாக இருக்கும். டெபியனின் நிலையான வெளியீடு ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. பெரும்பாலான செயலிகளுக்கு, வெளியான அன்று இருந்த பதிப்பே அதன் ஆயுள் முழுக்க இருக்கும். இது அலட்சியத்தால் அல்ல. நேற்று வேலை செய்தது இன்றும் அப்படியே வேலை செய்ய வேண்டும் என்று வேண்டுமென்றே எடுத்த முடிவு. பாதுகாப்புத் திருத்தங்களைப் பழைய பதிப்பின் மேலேயே ஒட்டிக் கொடுப்பார்கள். ஆகவே பதிப்பு எண் பழையது என்பதற்காக மட்டும் அதைப் பாதுகாப்பற்றது என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டாவது, ஃபிளாட்பேக். பெரும்பாலும் ஃபிளாட்ஹப் என்ற இடத்திலிருந்து வரும். செயலி தனக்கு வேண்டிய நூலகங்களை 'ரன்டைம்' என்ற தனி அடுக்காகக் கூடவே கொண்டுவருகிறது. அதனால்தான் ஒரு சின்னக் கணிப்பானை நிறுவப் போனால்கூட முதல்முறை நூற்றுக்கணக்கான எம்பி இறங்கும். அதே ரன்டைமை அடுத்தடுத்த செயலிகளும் பகிர்ந்துகொள்வதால் இரண்டாவதிலிருந்து சுமை குறையும். பழைய டிஸ்ட்ரோவிலும் புதிய பதிப்பு கிடைக்கும் என்பது இதன் பெரிய லாபம்.

ஃபிளாட்பேக் செயலி ஒரு வேலிக்குள் ஓடுகிறது. அனுமதி தரப்பட்ட கோப்புறைகள் மட்டுமே அதற்குத் தெரியும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் புதியவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். பென் டிரைவோ இரண்டாவது வட்டோ 'ஹோம்' கோப்புறைக்கு வெளியே இணைக்கப்படுவதால் சில செயலிகளுக்கு அது கண்ணிலேயே படாது. ஃபிளாட்சீல் என்ற சிறு செயலியை நிறுவி, குறிப்பிட்ட செயலியைத் தேர்ந்தெடுத்து, 'ஃபைல்சிஸ்டம்' பகுதியில் அந்தக் கோப்புறையின் பாதையை மட்டும் சேர்த்துவிட்டுச் செயலியை மறுபடி திறங்கள். எரிச்சலில் எல்லாக் கோப்புகளுக்கும் அனுமதி கொடுத்துவிட வேண்டாம். அப்புறம் அந்த வேலி இருந்தும் பயனில்லை.

இன்னொரு செயலியோடு பேச வேண்டிய செயலிகளுக்கும் ஃபிளாட்பேக் ஒத்துவராது. கீபாஸ்எக்ஸ்சி போன்ற கடவுச்சொல் பெட்டகத்தை உலாவியோடு இணைத்துப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், உலாவியை ஃபிளாட்பேக்காகப் போட்டால் அந்த இணைப்பு அறுந்துபோகும். வேலிக்குள் இருக்கும் உலாவியால் வெளியே உள்ள நிரலை அழைக்க முடியாது. நிரல் எழுதும் செயலிகளும் அப்படித்தான்: கணினியில் நிறுவிய கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கருவி) அவற்றுக்குத் தெரியாது. இந்த இரண்டு வகையையும் களஞ்சியத்திலிருந்தோ, செயலியை உருவாக்கியவர்கள் நடத்தும் களஞ்சியத்திலிருந்தோ எடுப்பது நல்லது.

ஃபிளாட்ஹப்பில் உள்ள எல்லாவற்றையும் அந்தந்தச் செயலியின் ஆசிரியர்களே போடுவதில்லை. தன்னார்வலர்கள் கட்டியவையும் நிறைய. பெயருக்கு அருகே சரிபார்க்கப்பட்டதற்கான குறி இருக்கிறதா என்று பாருங்கள். வங்கிக் கணக்கு, கடவுச்சொல், பணம் தொடர்பான எதற்கும் இந்தப் பழக்கம் கட்டாயம்.

ஸ்னாப் என்பது உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் உருவாக்கியது. இதுவும் பெரும்பாலும் வேலிக்குள் ஓடுவதுதான். சுருக்கிய ஒற்றைக் கோப்பிலிருந்து ஓடுவதால் முதல்முறை திறக்கும்போது தாமதம் தெரியலாம். இயல்பாக ஒரு நாளைக்கு நான்கு முறை புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்த்துத் தானாகவே எடுத்துக்கொள்ளும். உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாகத்தான் வருகிறது. டெர்மினலில் ஆப்ட் (களஞ்சியத்திலிருந்து நிறுவும்) கட்டளை கொடுத்து நிறுவினாலும் இறங்குவது ஸ்னாப்தான். மாறாக, லினக்ஸ் மிண்ட் 2020-இல் வந்த 20ஆம் பதிப்பிலிருந்து ஸ்னாப்பை இயல்பாகத் தடுத்து வைத்திருக்கிறது. உபுண்டுவுக்காக எழுதிய குறிப்பை மிண்ட்டில் பின்பற்றினால் பாதியில் நின்றுபோவதற்கு இது ஒரு காரணம்.

ஆப்இமேஜ் எளிது: ஒரு கோப்பு, அதுவே செயலி. இறக்கி, வலது சொடுக்கில் பண்புகளைத் திறந்து, இயக்க அனுமதி கொடுத்து, இரட்டைச் சொடுக்கு. எதுவும் நடக்கவில்லை என்றால் பெரும்பாலும் ஆப்இமேஜைத் திறக்க உதவும் ஃபியூஸ் நூலகத்தின் இரண்டாம் பதிப்பு இல்லை என்று பொருள், உபுண்டு 22.04 முதல் அது இயல்பாக வருவதில்லை, தனியாக நிறுவ வேண்டும். நிறுவியும் எலெக்ட்ரான் வகைச் (உலாவி எஞ்சினின் மேல் கட்டிய) செயலிகள் திறக்காமல் 'சாண்ட்பாக்ஸ்' பிழை காட்டினால், 24.04-இல் கொண்டுவந்த பாதுகாப்புக் கட்டுப்பாடு தடுக்கிறது. அந்த இடத்தில் பாதுகாப்பைத் தளர்த்துவதைவிட அதே செயலியின் டெப்பையோ ஃபிளாட்பேக்கையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்இமேஜ்கள் பெரும்பாலும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. சோதித்துப் பார்க்க அருமையான வழி. உலாவி போல இணையத்தை நாள் முழுக்கத் தொடும் செயலிக்கு ஏற்றதல்ல.

கடைசியாக, இணையதளத்திலிருந்து நேரடியாக இறக்கும் டெப் கோப்பு, உபுண்டுவின் பிபிஏ (தனிநபரோ குழுவோ நடத்தும் கூடுதல் களஞ்சியம்), ஆர்ச் லினக்ஸ் பயனர்களின் ஏயூஆர் (பயனர்களே கட்டுமானக் கோப்புகளை ஏற்றும் தளம்). டெப்பை நிறுவும்போது அதற்குள் இருக்கும் கட்டளைகள் முழு நிர்வாக உரிமையோடு ஓடுகின்றன என்பதை நினைவில் வையுங்கள். பிபிஏக்கள் உபுண்டுவை அடுத்த பதிப்புக்கு உயர்த்தும்போது முடக்கப்படும்; அதன்பின் அந்தச் செயலி சத்தமில்லாமல் பழசாகிக்கொண்டே போகும். ஏயூஆரில் யார் வேண்டுமானாலும் போடலாம். 2025 ஜூலையில் பிரபல உலாவிகளின் பெயரை ஒட்டிய பெயர்களில் தீநிரல் அங்கே ஏற்றப்பட்டு, பிறகு நீக்கப்பட்டது. நிறுவும் முன் கட்டுமானக் கோப்பைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஏயூஆர் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம்: கோப்பு மேலாளர், பிடிஎஃப் வாசிப்பான், சுருக்கும் கருவி போன்ற, புதிய பதிப்பால் பெரிய வித்தியாசம் வராத கருவிகள் களஞ்சியத்திலிருந்து. கிருதா, வீடியோ தொகுக்கும் கேடன்லைவ் போல ஒவ்வொரு பதிப்பிலும் வசதி கூடும் செயலிகள் ஃபிளாட்பேக்கிலிருந்து. மற்ற வழிகள் இந்த இரண்டிலும் கிடைக்காதபோது.

ஒரே செயலியை இரண்டு வழியில் நிறுவ வேண்டாம். மெனுவில் இரட்டைப் படவுருக்கள் வருவது சின்னத் தொல்லை. அமைப்புகள் இரண்டாகப் பிரிவதுதான் பெரியது. டெப்பாக வந்த தண்டர்பேர்டு என்ற அஞ்சல் செயலி தன் அஞ்சல்களை ஹோம் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் ஒரு மறைகோப்புறையில் வைக்கிறது. ஃபிளாட்பேக் தண்டர்பேர்டு, அதே ஹோமில் 'வார்' என்ற மறைகோப்புறைக்குள் 'ஆப்' என்பதன் கீழ் தனியாக வைக்கிறது. ஒன்றை நீக்கி மற்றொன்றைப் போட்டவருக்கு அஞ்சல்கள் எல்லாம் அழிந்துவிட்டதுபோலத் தெரியும். அழியவில்லை, பழைய இடத்திலேயே இருக்கின்றன. செயலியை மூடிவிட்டு, பழைய கோப்புறையின் உள்ளடக்கத்தைப் புதிய இடத்துக்கு நகலெடுத்தால் திரும்ப வந்துவிடும். பழைய இடத்திலுள்ள பதிப்பைவிட நிறுவியிருக்கும் செயலி பழையதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

டெஸ்க்டாப்போடு ஒத்துப்போகிறதா?

லினக்ஸ் செயலிகளின் முகப்பு பெரும்பாலும் இரண்டு கருவிப்பெட்டிகளில் ஒன்றால் கட்டப்பட்டது. க்னோம், சின்னமன், எக்ஸ்எஃப்சிஇ ஆகிய டெஸ்க்டாப்கள் ஜிடிகே என்ற பெட்டியைச் சேர்ந்தவை. கேடிஇ பிளாஸ்மா, எல்எக்ஸ்க்யூடி இரண்டும் க்யூட்டி என்ற பெட்டியைச் சேர்ந்தவை. எதுவும் எதிலும் ஓடும். ஆனால் க்னோமில் ஒரு கேடிஇ செயலியை டெப்பாக நிறுவினால் அதற்கான நூலகங்களும் வரிசையாகக் கூட வரும். பொத்தான்கள் வேறு மாதிரித் தெரியும். கடவுச்சொல் சேமிக்கக் கேவாலட் என்று இன்னொன்று எட்டிப்பார்க்கும். இரண்டு செயலிகள் சமமாகத் தோன்றினால் உங்கள் டெஸ்க்டாப்பின் குடும்பத்தைச் சேர்ந்ததை எடுங்கள். வேலையில் ஒன்று தெளிவாக மேல் என்றால் குடும்பத்தைப் பார்க்க வேண்டாம்.

இதைவிட முக்கியம் வேலண்ட், அதாவது செயலிகளின் சாளரங்களைத் திரையில் காட்டும் புதிய முறை. பழைய எக்ஸ்11 முறையில் எந்தச் செயலியும் திரை முழுவதையும் பார்க்கலாம். வேலண்டில் அது முடியாது, உங்களிடம் அனுமதி கேட்டுத்தான் பார்க்க வேண்டும். அதனால் பழைய திரைப்பிடிப்பு, திரைப்பதிவுச் செயலிகள் வேலண்டில் கறுப்புத் திரையை மட்டும் பதிவு செய்யும். எக்ஸ்டூடூல் போன்ற தானியக்கக் கருவிகளும் ஒழுங்காக வேலை செய்யாது. கணினி அமைப்புகளில் 'பற்றி' பகுதியைத் திறந்து எது ஓடுகிறது என்று பார்த்துவிட்டுச் செயலியைத் தேர்ந்தெடுங்கள். திரைப்பதிவுக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ 27ஆம் பதிப்பிலிருந்து வேலண்டில் நேரடியாக வேலை செய்கிறது.

தமிழில் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். செயலியைத் திறந்து 'கொ', 'ஸ்ரீ', 'க்ஷௌ' மூன்றையும் தட்டுங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து உட்கார்கிறதா, பின்நகர்வு விசை எழுத்தைச் சரியாக அழிக்கிறதா, ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் என்ற உள்ளீட்டுக் கருவியின் விசைப்பலகை அந்தச் செயலிக்குள் மாறுகிறதா என்று பாருங்கள். ஸ்கிரைபஸின் பழைய 1.4 வரிசை தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்காது. 2024-இல் வந்த 1.6 கோக்கும். டிஸ்ட்ரோ களஞ்சியத்தில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பார்ப்பது இங்கே நேரடியாகப் பயன்படுகிறது.

ஓடவில்லை என்பதற்குச் செயலி காரணமா?

வீடியோ ஓடவில்லை என்றதும் வேறு பிளேயர் தேடுவது வழக்கம். ஃபெடோரா, ஓப்பன்சூசே இரண்டும் காப்புரிமை உள்ள எச்.264 போன்ற கோடெக்குகளை (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் நிரல்கள்) தங்கள் களஞ்சியத்தில் முழுமையாகத் தருவதில்லை. ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன், ஓப்பன்சூசேயில் பேக்மேன் களஞ்சியத்தைச் சேர்த்த பிறகு இருக்கிற பிளேயரே ஓட்டும். அல்லது கோடெக்குகளோடு வரும் ஃபிளாட்பேக் விஎல்சியைப் போடலாம்.

வீடியோ தொகுப்பிலும் இதே போல. கேடன்லைவ், ஷாட்கட் இரண்டும் எம்எல்டி என்ற ஒரே எஞ்சினின் மேல் கட்டியவை. 4கே காட்சி ஒன்றில் தடுமாறினால் மற்றதிலும் தடுமாறும் வாய்ப்பு அதிகம். செயலியை மாற்றும் முன் 'பிராக்ஸி' வசதியை இயக்குங்கள்: தொகுக்கும்போது சிறிய நகலைக் காட்டும், இறுதிக் கோப்பை மூலத்திலிருந்தே எடுக்கும்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை

உங்களிடம் இருக்கும் கோப்புகளிலேயே சிக்கலான மூன்றை எடுங்கள்: அட்டவணையும் அடிக்குறிப்பும் நிறைந்த ஆவணம், பல தாள்கள் இணைந்த கணக்கு, அடுக்குகள் கொண்ட படம். நகல் எடுத்துக்கொண்டு, புதிய செயலியில் திறந்து, ஒரு சிறு மாற்றம் செய்து, சேமித்து, மூடி, மறுபடி திறங்கள். திறக்கும்போது சரியாக இருந்தது சேமித்த பிறகு குலைவது பல முறை நடக்கும். இரண்டாம்முறை திறந்தால்தான் அது தெரியும். பிறகு அந்தச் செயலியிலிருந்து வெளியேறும் வழியையும் பாருங்கள்: உங்கள் குறிப்புகளை, அஞ்சல்களை, படங்களைப் பொதுவான ஒரு வடிவத்தில் மொத்தமாக ஏற்றுமதி செய்ய முடிகிறதா? முடியாதென்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆண்டுக்கணக்கான உழைப்பை அதில் போட வேண்டாம். கடைசி வெளியீடு எப்போது வந்தது என்றும் பாருங்கள். சின்ன, முதிர்ந்த கருவி ஓராண்டு அமைதியாக இருந்தால் பரவாயில்லை. உலாவியோ அஞ்சல் செயலியோ அப்படி இருந்தால் அது ஆபத்து.

எதுவும் ஒத்துவராமல் ஒரே ஒரு விண்டோஸ் செயலிதான் வேண்டும் என்றால், விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்டும் வைனை நேராகப் பயன்படுத்துவதைவிடப் பாட்டில்ஸ் என்ற செயலி எளிது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். சின்ன, பழைய செயலிகள் பெரும்பாலும் ஓடிவிடும். இன்றைய மைக்ரோசாஃப்ட் ஆபிஸ், அடோபி செயலிகளை அதில் ஓட்டிப் பிழைப்பு நடத்தத் திட்டமிட வேண்டாம். ஒரு புதுப்பிப்பில் நின்றுவிடும். அதற்கு ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) விண்டோஸை வைத்துக்கொள்வதே நம்பகமானது.

சோதித்து வேண்டாம் என்று முடிவு செய்தவற்றை நீக்கும்போது, ஃபிளாட்பேக்கின் ரன்டைம்கள் அப்படியே மிஞ்சிவிடும். டெர்மினலில் ஃபிளாட்பேக் அன்இன்ஸ்டால் கட்டளையை அடித்து, இரண்டு சிறுகோடுகளுக்குப் பின் 'அன்யூஸ்டு' என்று சேர்த்தால் யாரும் பயன்படுத்தாத ரன்டைம்களை மட்டும் பட்டியலிட்டு, உங்கள் ஒப்புதல் கேட்டு நீக்கும். நான்கைந்து செயலிகளைச் சோதித்த பிறகு இதைச் செய்தால் சில ஜிபி திரும்பக் கிடைப்பதுண்டு.